உரிந்த சுவர்களின் சாட்சியம்

பேர்லின் நகரின் நீடர்கிர்ஷ்னர் வீதியில் ஏறத்தாழ 200 மீற்றர் நீளத்துக்கு ஒரு மதில் எஞ்சி நிற்கின்றது. 1989 நவம்பர் 9 ஆம் திகதி எல்லை திறக்கப்பட்டபின், நினைவுப்பொருள் தேடியோர் உளிகொண்டு கொத்திய பள்ளங்களும், அவற்றினூடே தெரியும் துருவேறிய கம்பிகளும் இன்றும் அவ்வாறே விடப்பட்டுள்ளன. நிழற்படக் கருவியுடன் அங்கு வருவோருட் சிலர், ஆட்களை விலக்கி, வெடிப்பையும் கறையையும் மட்டும் படமெடுத்துச் செல்வர். வெறுஞ்சுவரில் எதனைக் காண்கின்றீர்கள் என அவர்களுள் ஒருவரிடம் வினவினோம். விடையாக அவர் ஒரு திரைப்படத்தின் பெயரையே கூறினார்.

விம் வெண்டர்ஸ் நெறிப்படுத்தி 1987 இல் வெளிவந்த 'பேர்லினின் மேலுள்ள வானம்' என்பதே அப்படம். கான் விழாவில் சிறந்த நெறியாளர் விருதைப் பெற்ற இப்படைப்பு, தானும் முன்னோர்க்குச் செலுத்தப்பட்ட ஓர் அஞ்சலியே. ஜப்பானின் ஓசு, பிரான்சின் துருஃபோ, ரஷ்யாவின் தார்க்கோவ்ஸ்கி ஆகிய மூவருக்கும் அது காணிக்கையாக்கப்பட்டது. வானதூதர்களின் பார்வையில் நகரம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகின்றது. அவர்களுள் ஒருவன் மானிடனாகி மதிலடியில் விழித்தெழுகின்றான். சுவரில் தீட்டப்பட்ட உருவங்களைக் காட்டி, நிறங்களின் பெயர்களை வழிப்போக்கனிடம் கேட்டறிகின்றான். அவ்வுருவங்கள் 1984 முதல் மதிலில் வரைந்துவந்த பிரெஞ்சு ஓவியர் தியெரி நுவாரின் கைவண்ணம்.

பிறிதொரு காட்சியில், மதிலருகேயுள்ள வெட்டவெளியில் முதியவர் ஒருவர் தாம் அறிந்த பொட்ஸ்டாமர் சதுக்கத்தைத் தேடியலைகின்றார். நடித்தவர் கூர்ட் போய்ஸ். யூதரான அவர் நாசிகளின் ஆட்சியில் நாட்டைவிட்டு நீங்கி, அமெரிக்காவில் வாழ்ந்து, 1950 இல் மீண்டவர். ஆதலின் அத்தேடல் வெறும் நடிப்பன்று. இன்று அவ்வெட்டவெளியும் இல்லை. அங்கே கோபுரக் கட்டடங்கள் எழுந்துள்ளன. அம்முதியவர் நின்ற வெறுமையும் படச்சுருளில் மட்டுமே எஞ்சியுள்ளது.

இதே நகரின் ஸ்பிறே ஆற்றங்கரையில், 1990 இல் ஓவியர்கள் பலர் கூடித் தீட்டிய மதில் 1,300 மீற்றருக்கு நீள்கின்றது. 2009 இல் அதன் பழைய வர்ணம் நீக்கப்பட்டு, ஓவியங்கள் புதிதாகத் தீட்டப்பட்டன. மதில் காப்பாற்றப்பட்டது, எனினும் அதன்மீது காலம் எழுதிய எழுத்து அழிந்தது.

இதனை எண்ணுகையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எம் கண்முன் எழுகின்றது. 1981 இல் எரியூட்டப்பட்ட அக்கட்டடம் இன்று புனரமைக்கப்பட்டு வெண்ணிறமாக நிற்கின்றது. மாணவர்க்கு வாசிக்க இடம் வேண்டும். புனரமைப்பைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும் கரிபடிந்த சுவரைக் காணாத தலைமுறைக்கு, அன்று எடுக்கப்பட்ட சில நிழற்படங்களே சாட்சியாக உள்ளன.

விடுமுறைக்கு ஊர் செல்லும் எம்மவர் உறவினரைப் படமெடுப்பர், கோயிலை எடுப்பர். மூடிக்கிடக்கும் பழைய படமாளிகையின் உரிந்த சுவரையும், கூரையிழந்த வீட்டின் மதிலையும் எடுத்துவரவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். அழகாக அமையவேண்டியதில்லை. இடத்தையும் திகதியையும் படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தாற் போதும். அடுத்த மாரிக்குள் யாரேனும் அச்சுவருக்கு வெள்ளையடித்துவிடக் கூடும்.