மவுஸுக்குள் ஒரு பென்சில் செல்

சென்னையின் மேற்குப் புறநகர்கள் என்றாலே கனமான பொருள்களின் ஞாபகம்தான் முதலில் வரும். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும், அதன் பின்னர் 1960-களில் உருவான தொழிற்பேட்டையும் அம்பத்தூருக்குப் பெயர் தேடித் தந்தன. ஆவடியிலோ 1965-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இன்று அதே தொழிற்பேட்டையின் வீதிகளில், லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிச் சுவர் போர்த்த அடுக்குமாடி அலுவலகங்கள் நிற்கின்றன. அவற்றுள் இரவும் பகலுமாக உட்கார்ந்து உழைக்கிற பிள்ளைகளின் உள்ளங்கையில் அடங்கிக் கிடப்பது நூறு கிராம் தேறினால் அதிகம் என்று சொல்லத்தக்க ஒரு கம்பியில்லா மவுஸ். அதன் வயிற்றில் கிடக்கும் பென்சில் செல்லைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் கேட்கலாம். ஒரு முறை வாங்கிவிட்டால் நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றி உபயோகிக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் ரீசார்ஜபிள் செல்லை மவுஸில் போடுவது லாபமா, வீண் செலவா என்ற கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பதிலும், அலுவலக நண்பர் வேறொரு பதிலும் சொல்லுகிறபடியால், விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பதில் பிரயோஜனம் உண்டு என்றே நினைக்கிறேன்.

கம்பியில்லாத மவுஸ் நேற்று முளைத்ததன்று. லாஜிடெக் நிறுவனம் 1984-இல் அகச்சிவப்புக் கதிரால் இயங்குவதையும், 1991-இல் ரேடியோ அலையால் இயங்குவதையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய மவுஸ்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அடியிலுள்ள சிறு விளக்கு மேஜையின் மேற்பரப்பை வெளிச்சமிட, அதன் அருகிலுள்ள உணர்வுக் கண் விநாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கை எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. இத்தனை வேலைக்கும் அது குடிக்கும் மின்சாரம் சில மில்லி ஆம்பியர்தான். கையை எடுத்துச் சிறிது நேரமானால் அது தூங்கிப்போகும். தூக்கத்தில் அதன் செலவு மிகச் சொற்பம். ஆகவே ராத்திரி முழுவதும் ஸ்விட்சை அணைக்காமல் விட்டுவிட்டோமே என்று வருந்த வேண்டியதில்லை. ஆனால் பைக்குள் போட்டுக்கொண்டு காலை நேர ஆவடி மின்சார ரயிலில் நெரிசலில் நிற்பவர் அவசியம் அணைக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவும் குடையும் இடித்து, பொத்தான் அழுந்தி, அந்தச் சாதனம் சென்ட்ரல் வரையில் விழித்துக்கொண்டேதான் வரும்.

இனி செல்லுக்கு வருவோம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிவப்புச் சட்டைச் செல், லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1866-இல் அமைத்த துத்தநாக–கரி மின்கலத்தின் வாரிசு. அதைவிடச் சற்று விலை கூடிய ஆல்கலைன் செல் அதன் பங்காளி. இரண்டும் புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட் தரும். செலவாகச் செலவாக அந்த அழுத்தம் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும். ரீசார்ஜபிள் செல்லோ நிக்கலும், ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஓர் உலோகக் கலவையும் சேர்ந்து அமைந்தது. இதன் அழுத்தம் 1.2 வோல்ட். பெரும்பாலோர் இந்த எண்ணைக் கண்டு, மவுஸ் இயங்காது என்று பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். ஒரே செல் போடுகிற மவுஸில், அந்த ஒரு செல்லின் அழுத்தத்தை உயர்த்திக் கொடுப்பதற்கென்றே ஒரு சிறு சுற்று உள்ளே இருக்கிறது. அது 1 வோல்ட் அளவிலும் சமாளிக்கும். அதோடு, ரீசார்ஜபிள் செல் தன் ஆயுளின் பெரும் பகுதியில் 1.2 வோல்ட்டிலேயே அசையாமல் நிற்பது. ஆல்கலைனோ பாதி தூரத்திலேயே அந்த அளவுக்கு இறங்கிவிடுவது.

இந்தக் குணபேதத்தால் விளையும் அசௌகரியம் ஒன்று உண்டு. மவுஸின் மேலே மினுக்கும் அந்தச் சிவப்பு விளக்கும், கணினித் திரையில் வரும் “பேட்டரி குறைவு” என்ற எச்சரிக்கையும் ஆல்கலைன் செல்லின் இறக்கத்தை வைத்து அமைக்கப்பட்டவை. ஆகையால் நேற்றுத்தான் முழுக்க மின்னேற்றிப் போட்ட செல்லைப் பார்த்தும் சில மவுஸ்கள் “பாதி தீர்ந்தது” என்று சாட்சி சொல்லும். பிறகு வாரக்கணக்கில் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்துவிட்டு, நிஜமாகவே தீரும் நேரத்தில் முன்னறிவிப்பு எதுவுமில்லாமல் சட்டென்று நின்றுபோகும். ரீசார்ஜபிள் செல் போட்டவர் விளக்கை நம்பக் கூடாது. மின்னேற்றி வைத்த இன்னொரு செல்லை மேஜை டிராயரில் வைத்துக்கொள்வதே சரி.

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து மின்சாமான் கடை ஒன்றில் நடந்த உரையாடல் இது. வயதான ஒருவர் மவுஸுக்கு ரீசார்ஜபிள் செல் கேட்டார்.

“சார், ரெண்டாயிரம் போட்டது எதுக்கு? இதோ பாருங்க, ரெண்டாயிரத்து எண்ணூறு. விலையும் பெரிய வித்தியாசம் இல்ல,” என்றார் கடையிலிருந்த இளைஞர்.

“எது தம்பி ரொம்ப நாள் தாங்கும்?”

“நம்பர் பெரிசா இருந்தா ரொம்ப நாள் வரும், சார்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மவுஸ் விஷயத்தில் இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது. பழைய ரகத்து நிக்கல் செல், உபயோகிக்காமல் சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்குச் சுமார் 20 முதல் 30 சதவிகிதம் வரை தானாகவே இழந்துவிடும். கொள்ளளவு எண்ணைப் பெரிதாகக் காட்டும் செல்களில் இந்தக் கசிவு பொதுவாக அதிகம். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 2000 மில்லி ஆம்பியர்–மணி கொண்ட செல்லை ஒரு மவுஸ் ஆறு மாதத்தில் தீர்க்கிறது என்றால், அதன் தினசரிச் செலவு சுமார் 11. மாதம் 20 சதவிகிதம் கசிகிற செல் முதல் மாதத்தில் இழப்பது நாளொன்றுக்குச் சுமார் 13. மவுஸ் குடிப்பதைக் காட்டிலும் ஓட்டைக் குடம் ஒழுக விடுவது அதிகம்! ஆறு மாதம் வர வேண்டிய செல் இரண்டு மூன்று மாதத்திலேயே சோர்ந்து போனதாக ஜனங்கள் குறைபட்டுக்கொள்வதற்கு இதுவே பிரதான காரணமேயன்றி, மவுஸின் மேல் குற்றமில்லை. வெப்பம் இந்தக் கசிவைத் துரிதப்படுத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் கடற்காற்று மயிலாப்பூரைத் தொட்டு வெகு நேரம் சென்றே பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் எட்டிப் பார்க்கும். அந்தப் பகுதிகளின் மொட்டை மாடி அறைகளில் உள்ள டிராயருக்குள் கிடக்கும் செல்லின் கதியை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் குறைக்குப் பரிகாரம் 2005-இல் வந்தது. ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் கசிவு மிகக் குறைந்த ஒரு ரகத்தை வெளியிட்டது. ஓராண்டு சும்மா கிடந்தாலும் தன் சக்தியில் பெரும்பகுதியை அது காப்பாற்றி வைத்திருந்தது. சான்யோ பின்னர் பானசோனிக்கோடு சேர்ந்துவிட்டது. இன்று வேறு பல கம்பெனிகளும் இந்த ரகத்தைச் செய்கின்றன. இவற்றின் மேல் பொறித்திருக்கும் எண் 2000-ஐ ஒட்டியே இருக்கும். அந்தக் கடையில் இளைஞர் ஒதுக்கி வைத்த சின்ன நம்பர் செல்தான் மவுஸுக்கு உத்தமமானது. உறையில் “உபயோகத்துக்குத் தயார்”, அதாவது ‘ரெடி டு யூஸ்’ அல்லது ‘ப்ரீ சார்ஜ்டு’, என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது ஒரு நல்ல அடையாளம்; கசிகிற ரகத்தை முன்கூட்டியே மின்னேற்றிக் கடைக்கு அனுப்ப முடியாதல்லவா?

சரி, பணம் மிச்சமாகுமா? மின்சாரச் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு செல்லை நிரப்புவதில் பாதிக்குப் பாதி வீணாவதாக வைத்துக்கொண்டாலும் ஒரு யூனிட்டில் 200 செல்களை நிரப்பலாம். செலவெல்லாம் செல்லிலும் சார்ஜரிலும்தான். ஆல்கலைன் செல் ஒன்று 30 ரூபாய், மவுஸுக்கு ஆண்டுக்கு இரண்டு என்று கொண்டால் வருஷச் செலவு 60 ரூபாய். நல்ல சார்ஜரும் ஒரு ஜோடிச் செல்லும் ஆயிரம் ரூபாய் என்றால், முதல் திரும்பி வர 16 ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் மவுஸும் இராது, கணினியும் இராது. எனவே வீட்டில் மவுஸ் ஒன்றுக்காக மாத்திரம் ரீசார்ஜபிள் செல் வாங்குவது சிக்கனம் ஆகாது என்பது என் திடமான அபிப்பிராயம். குழந்தையின் ஓடும் பொம்மைகள், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வெள்ளக் காலத்தில் கைகொடுக்கும் டார்ச் என்று பசி மிகுந்த சாதனங்களும் அந்த வீட்டில் இருந்தால் கணக்கு மாறும். மவுஸ் அந்தப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்ளும். அவ்வாறே தொழிற்பேட்டை அலுவலகங்களில் ஒரே மேஜையில் மூன்று ஷிப்டுக்கும் ஆள் மாறி மாறி உட்காருகிறபோது, அங்குள்ள மவுஸுக்குத் தூக்கமே கிடையாது. வீட்டில் ஆறு மாதம் வருகிற செல் அங்கே இரண்டு மாதத்தில் தீரும். நூறு மேஜைக்கு ஆண்டில் அறுநூறு செல்! இங்கே ரீசார்ஜபிள் செல் நிச்சயம் லாபம். அந்தச் செல்களைச் சேகரித்து, மின்னேற்றி, திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும் என்பதே நிபந்தனை.

பணத்தைத் தவிர இன்னொரு லாபமும் உண்டு. நீண்ட லீவுக்குப் பின் மவுஸின் அடிமூடியைத் திறந்து பாருங்கள்: தீர்ந்துபோன ஆல்கலைன் செல்லின் அடிப்பாகம் ஈரம் கசிந்து, ஸ்பிரிங்கின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, தகட்டின் ஓரம் பச்சையாகக் களிம்பேறியிருக்கும். அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் வெளிவந்ததன் விளைவு. வெறும் விரலால் தொடாமல், காது குடையும் பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு துளி தொட்டுத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்தால் பல மவுஸ்கள் பிழைத்துக்கொள்ளும். நிக்கல் செல் இப்படி ஒழுகுவது அபூர்வம்.

மின்னேற்றும் விஷயத்தில் சில பழைய நம்பிக்கைகளைக் கைவிட வேண்டும். செல்லை அடியோடு வற்றவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல்–காட்மியம் காலத்து விதி. இப்போதைய செல்லுக்கு அது தேவையில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோவின் தீர்ந்த பேட்டரிக் கட்டைகளை மொட்டை மாடி வெயிலில் வைத்து எடுத்து, மேலும் ஒரு வாரம் பாட்டுக் கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. துத்தநாகச் செல்லுக்கு அதனால் சற்று உயிர் வந்தது உண்மைதான், நிக்கல் செல்லுக்கோ வெயில் விரோதி. சாதாரணச் செல்லைச் சார்ஜரில் போடவே கூடாது, வெடிக்கவும் கூடும். அதே பருமனில் 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் விற்கிறார்கள். தெரியாமல் அதை மவுஸில் திணித்தால் உள்ளிருக்கும் சுற்று கருகிப்போகும். தீர்ந்த செல்களைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்லுகின்றன.

செல்லே மாற்ற வேண்டாம், கேபிளைச் செருகினால் போதும் என்று லித்தியம் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய மவுஸ்களும் பெருகிவிட்டன. ஆப்பிள் கம்பெனி 2015-இல் அத்தகைய ஒன்றில் சார்ஜ் துளையை அடிவயிற்றில் வைத்து, மின்னேறும் நேரமெல்லாம் மவுஸ் மல்லாந்து கிடக்கும்படி செய்த வேடிக்கையும் நடந்தது. அதே கம்பெனி 2010-இல் தன் மவுஸுக்கென்று ரீசார்ஜபிள் பென்சில் செல்களையும் சார்ஜரையும் சேர்த்து விற்றிருந்தது. உள்ளே வைத்து மூடிய பேட்டரி நாளடைவில் தளர்ந்தபின், அதை எடுத்து மாற்றித் தருகிற கடையைத் தேடி ரிச்சி தெரு வரை அலைந்து, கடைசியில் புது மவுஸ் வாங்கிக்கொண்டு திரும்புவதே வழக்கமாக இருக்கிறது. பென்சில் செல் போடும் மவுஸுக்கு அந்த அலைச்சல் இல்லை. செல்லுக்கு வயதானால் செல்லை மாத்திரம் மாற்றினால் போதும்.