வெயில் இருந்தும் விசிறி சுற்றாத வீடு

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கூரை நிறையச் சோலார் பூட்டியிருக்கிறோம். ஆனால் கரண்ட் போனால் நடுப்பகலிலும் எங்கள் விசிறி நின்றுவிடுகிறது. ஏன்?"

2022 மார்ச் கடைசியில், 13 மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டு நாட்களில், எனக்கும் இதே கேள்வி எழுந்தது. பழுது எதுவுமில்லை. வீதிக் கம்பியில் வரும் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது. சாதாரணச் சோலார் இன்வேர்ட்டருக்கு அந்த அலைதான் தாளம்; சொந்தமாக ஒன்று கிடையாது.

சிறுவயதில் வடமராட்சிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்து நின்றிருக்கிறேன். ஒருவர் அம்பா பாடுவார். மற்றவர்கள் அந்த அடிக்கு இழுப்பார்கள். பாட்டு நின்றால் கைகளும் நிற்கும். உங்கள் இன்வேர்ட்டரும் அப்படித்தான் நிற்கிறது. நிற்கவும் வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித் திருத்த ஏறியவரின் உயிர் அதில் இருக்கிறது. ஊர் மின்வலை இருண்டபின் ஒரு துண்டு மட்டும் தனியே உயிர்த்திருப்பதைப் பொறியியலாளர்கள் 'தீவாதல்' என்கிறார்கள்; அதைத் தடுக்கவே இந்த நிறுத்தம்.

நிஜத் தீவுகளில் என்ன செய்வது? நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் தேசிய மின்வலை கடல் தாண்டி வரவில்லை, டீசல்தான் துணையாக இருந்தது. இம்மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தில் சோலார் 1,700 கிலோவாற்று, காற்றாலை 530, பற்றரி 2,400 கிலோவாற்று மணி. இங்கே பற்றரியின் வேலை சேமிப்பதோடு முடியாது. அதோடு இணையும் தனிவகை இன்வேர்ட்டர் தானே அம்பா பாடி, மற்றவற்றுக்கு அடி எடுத்துக் கொடுக்க வல்லது. எனக்கு இதில் தீராத வியப்பு.

ஆனாலும் கணக்குப் பாருங்கள். யாரும் செலவழிக்காமல், சோலார் தகடுகள் முழுவலுவில் ஓடினால் அந்தப் பற்றரி ஒன்றரை மணிநேரத்தில் நிரம்பிவிடும். மழைக்கால இரவுகளுக்கு அது காணாது. அதனால் 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்களும் திட்டத்தில் உண்டு.

வாசகிக்கு வேண்டியது பற்றரியும், கரண்ட் போனதும் வீதியிலிருந்து வீட்டைப் பிரித்துக்கொள்ளும் இன்வேர்ட்டரும். ஈயப் பற்றரி வாங்கினால், தயவுசெய்து கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். எங்கள் யாழ்ப்பாணத் தண்ணீரின் சுண்ணாம்பும் உப்பும் அதன் தகடுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். போரின்போது பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். இன்று செத்த பற்றரியை வளவுக்குள் எறிவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வளவில் உடைத்தால் ஈயம் நிலத்தடிச் சுண்ணக்கல் வெடிப்புகளால் இறங்கி, அடுத்த வீட்டுக் கிணறு வரை போகலாம்.