சைக்கிளில் போக ஒரு கோட்டை!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் செஞ்சியில் காலை பத்து மணிக்குமேல் வெளியே தலைகாட்ட முடியாது. ஊரைச் சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் அந்த அனலைக் கக்குகிற மலைகள். புதுச்சேரிக்காரருக்கு மாலையானால் கடற்காற்று உண்டு. செஞ்சிக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவருக்கு வாய்த்த குளிர்ச்சியெல்லாம் விடியற்காலையில் இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்தை அனுபவிக்க ஒரு சைக்கிள் இருந்தால் போதும்.

பஸ் நிலையத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் கோட்டை இரண்டு கிலோ மீட்டர் தூரம். பெரும்பாலும் சமதளம். மெதுவாக மிதித்தாலும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வரும் பையன்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரும் பெரியவர்கள், டாக்டர் சொல்லிவிட்டாரே என்று நடக்கிறவர்கள் ஆகிய எல்லாருக்கும் அது பாதை.

மலைகளுக்கு நடுவே

இந்தச் சாலையில் ஒரு விசேஷம் உண்டு. அது கோட்டைக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. கோட்டையை ஊடறுத்துக்கொண்டு போகிறது. இடப்புறம் தெற்கே ராஜகிரி. வலப்புறம் வடக்கே கிருஷ்ணகிரி. தென்கிழக்கே தள்ளிச் சந்திரகிரி என்ற மூன்றாவது மலை. மூன்று மலைகளையும் மதிலால் இணைத்து ஒரு முக்கோணமாக்கிவிட்டார்கள். மதிலையொட்டி ஓடும் அகழிக்குச் சுமார் 80 அடி அகலம்.

சூரியன் கிழக்கே எழும்போது முதல் வெளிச்சம் விழுவது ராஜகிரியின் உச்சியில்தான். சுமார் 800 அடி உயரத்தில், மேகத்தோடு ஒட்டவைத்ததுபோல் ரங்கநாதர் கோவில் தெரியும். கீழே சாலையில் இன்னும் நிழல். சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்காதவர் இல்லை.

கோட்டையின் வாயில் திறக்கும்வரை காத்திருக்க வேண்டுமே என்ற கவலை வேண்டாம். உட்கோட்டைக்கு வெளியே, பழைய புதுச்சேரி வாயில் பக்கம் சைக்கிளைத் திருப்பினால் வெங்கடரமணர் கோவில். இதன் தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைப் பார்த்தவர்கள், அவற்றின் பிறந்த வீடு செஞ்சி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கோவிலுக்குச் சற்றுத் தூரத்தில் சாதத்துல்லா கான் மசூதி. 1714-இல் இருபத்திரண்டு வயதுத் தேசிங்கு ராஜன் போரில் விழுந்த பிறகு, வென்ற நவாப் எழுப்பியது.

பச்சைப் புல்லும் பழைய லாயமும்

வாயில் திறந்ததும் சிறு கட்டணம் செலுத்தி, சைக்கிளை வெளியே விட்டு உள்ளே போனால், கண்ணுக்கு முதலில் படுவது பச்சை. சுற்றிலும் கரும்பாறை, நடுவே புல்தரையும் மர நிழலும். 1921-இல் செஞ்சி தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, தொல்பொருள் துறையின் பொறுப்புக்கு வந்தது. அந்தத் துறையின் பராமரிப்பில் உள்ள தோட்டம்தான் இது. செஞ்சி மக்களுக்கு ஊர்ப் பூங்கா என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. ராஜாக்கள் விட்டுப்போன முற்றம் ஜனங்களுக்குப் பூங்காவாகிவிட்டது.

புல்தரைக்கு நடுவில் கல்யாண மகால். சதுரமான முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாக அறைகள், மையத்தில் அடுக்கடுக்காகச் சுமார் 80 அடி உயர்ந்து கூம்பாக முடியும் கோபுரம். பக்கத்தில் நீளமான குதிரை லாயம், வளைந்த கூரையோடு நெற்களஞ்சியம், யானைக்குளம். குதிரைகள் கனைத்த இடத்தில் இன்று குரங்குகளின் ராஜ்யம். கையில் தின்பண்டம் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

கோட்டையைக் காத்தது எது?

கல்யாண மகாலைப் பார்ப்பவர்கள் அதன் அழகைப் புகழ்வார்கள். அதைவிட வியக்க வேண்டியது வேறொன்று. கோட்டைச் சுவருக்கு வெளியே சுமார் 500 கஜ தூரத்திலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய் வழியாகத் தண்ணீரை இந்தக் கோபுரத்தின் ஆறாவது அடுக்கு வரை ஏற்றியிருக்கிறார்கள். மின்சாரமோ மோட்டாரோ இல்லாத காலம் அது. நீர் தானே தன் மட்டத்துக்கு ஏறும் என்ற ஒரே உண்மையைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை.

ராஜகிரியின் மேலே வற்றாத சுனைகள்; சரிவிலே மழைநீரைத் தேக்கும் குளங்கள்; அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம். 1677-இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல்! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதுமா? களஞ்சியத்தில் நெல்லும் சுனையில் நீரும் இல்லாவிட்டால் எந்த மதிலும் ஒரு கோடைக்குத்தான் தாங்கும்.

காலம் செய்த வேடிக்கை

இன்னொரு கதையும் உண்டு. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைக் கைப்பற்றினார். 1761-இல் ஆங்கிலேயர் வாங்கிக்கொள்ளும்வரை அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அந்தக் காலத்தில் கர்நாடகச் சீமையிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று செஞ்சிக்குப் பெயர். ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அங்கே வைத்ததில்லையாம். அப்படியும் பத்து ஆண்டுகளில் 1,200 பேர் மாண்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

செஞ்சிக்குப் போ என்றால் சிப்பாய் நடுங்கியிருப்பான். இன்று அதே செஞ்சிக்கோட்டைக்கு ஜனங்கள் உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காகக் காலையில் சைக்கிளில் போகிறார்கள்!

உலகம் பார்க்க வருகிறது

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் பெருமை வந்தால் கூட்டம் வரும். கூட்டத்தோடு கார்களும், காலித் தண்ணீர்ப் பாட்டில்களும் வரும்.

எட்டு ஆண்டு முற்றுகையில் வற்றாத சுனையை ஒரு கோடை விடுமுறையில் குப்பைத் தொட்டியாக்கிவிட முடியும். அகழியும் குளமும் தூர்ந்தால் புல்தரை காயும், மரம் பட்டுப்போகும். அப்புறம் செஞ்சிக்காரர் காலையில் எங்கே போவார்? வெளியூரார் ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஊர்க்காரருக்கு நாளைக்கும் அந்த நிழல் வேண்டும்.

போகிறவர்களுக்கு

திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் செஞ்சிக்கு பஸ் வசதி தாராளமாக இருக்கிறது. ஊரில் தெரிந்தவரிடம் ஒரு சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராஜகிரி ஏற நினைப்பவர்கள் வாயில் திறந்ததும் ஏறத் தொடங்குங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவைப் பாலத்தின் வழியாகத் தாண்ட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் படிகள் கொதிக்கும். மலை ஏற முடியாதவர்கள் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்தாலே போதும். வந்த காரியம் கைகூடும்.

திரும்பும் வழியில் நுங்கு கிடைத்தால் விடாதீர்கள். குடிநீர் மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். காலிப் பாட்டிலைக் கையோடு திருப்பிக்கொண்டு வாருங்கள். மராட்டியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்டுக்கொண்ட மண்ணில், இன்று காலை வேளைக்குச் சைக்கிள்காரர்தான் ராஜா. அந்த ராஜ்யத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையதுதான்.