கட்டுப்பாட்டில் பூக்கும் சுதந்திரம்

"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால், ஒரு காலத்தில் பெண்கள் பள்ளிகளில் கிடைத்த விடைகள் பெரும்பாலும் மூன்றே: ஆசிரியை, மருத்துவர், செவிலியர். இன்று இன்னொரு விடையும் சேர்ந்திருக்கிறது. "வீட்டில் இருந்தபடியே கணிப்பொறிக்கு நிரல் எழுதுவேன். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். நினைத்தபோது வேலை, நினைத்தபோது ஓய்வு." இதைக் கேட்ட பெற்றோர் உடனே எழுப்பும் வினாவும் ஒன்றுண்டு: "மாதம் பிறந்தால் சம்பளம் வருமா?" மகள் நினைப்பது சுதந்திரத்தை, பெற்றோர் நினைப்பது சோற்றை. இரண்டுமே நியாயமான எண்ணங்கள்தாம். இவ்விரண்டையும் ஒரே தராசில் சமமாக நிறுத்த முடியுமா, முடியுமானால் எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

ஒரே நிறுவனத்தில் நிலையாக அமராமல், வேலைக்கு வேலை ஒப்புக்கொண்டு, முடித்துக் கொடுத்து, அதற்குரிய ஊதியத்தைப் பெறுவதை 'ஃப்ரீலான்ஸ்' என்பர். பெயர் நமக்குப் புதிதே தவிர முறை புதிதன்று. வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஊராருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்காவும் இவ்வினத்தைச் சேர்ந்தவரே. புனித சின்னப்பர் கொரிந்து நகரில் போதித்த நாட்களில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் என்று விவிலியம் கூறுகிறது. எவருக்கும் பாரமாக இராமல் தம் பணியைத் தொடர அக்கைத்தொழில் அவருக்கு உதவிற்று. வருவாய் வேண்டும், ஆனால் வருவாய்க்காக நம் அழைப்பை விற்றுவிடக் கூடாது. இந்த இருமுனைப் போராட்டம் எக்காலத்துக்கும் பொதுவானது.

கணிப்பொறித் துறையில் இப்போராட்டத்தைத் துணிந்து நடத்தி வெற்றி கண்டவர் ஸ்டெபனி ஷர்லி என்னும் அம்மையார். 1933-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். தந்தை ஒரு நீதிபதி, யூதர். நாஜிகளின் கொடுமையிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற ஏற்பாடு செய்யப்பட்ட ரயிலில், 1939-ஆம் ஆண்டு, ஐந்து வயதில், தம் அக்காளின் கையைப் பற்றிக்கொண்டு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அங்கே வளர்ப்புப் பெற்றோர் அன்புடன் ஏற்றுக்கொண்டனர். முதலில் கன்னியர் நடத்திய பள்ளியிலும், பின்னர் ஆஸ்வெஸ்ட்ரி நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். அப்பெண்கள் பள்ளியில் அவர் விரும்பிய கணிதம் கற்பிக்கப்படவில்லை. எனவே தனி அனுமதி பெற்று ஆண்கள் பள்ளிக்குச் சென்று கற்றார்! பின்னர் அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியில் சேர்ந்து, மாலை வகுப்புகளில் படித்தே கணிதப் பட்டம் பெற்றார்.

திறமை இருந்தும், பெண் என்ற காரணத்தால் உயர் பதவிக்கான படிகள் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தன. 1962-ஆம் ஆண்டில், வெறும் 6 பவுன் முதலீட்டில், தம் வீட்டு உணவு மேசையையே அலுவலகமாக்கி 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கணிப்பொறியை வாங்குபவருக்கு நிரல்கள் இனாமாகத் தரப்பட்ட காலம் அது. "இனாமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குவார் யார்? அதுவும் ஒரு பெண்ணிடம்!" என்று பலர் நகைத்தனர். அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவரின் யோசனைப்படி 'ஸ்டெபனி' என்பதற்குப் பதிலாக, ஆண்பெயர் போல ஒலிக்கும் 'ஸ்டீவ்' என்று கையொப்பமிட்டு அனுப்பினார். பதில்கள் வரத் தொடங்கின.

அவர் யாரை வேலைக்குச் சேர்த்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. திருமணத்தாலோ குழந்தைப் பேற்றாலோ வேலையை விட்டுவிட்ட, ஏற்கெனவே பயிற்சி பெற்ற பெண்களைத் தேடிப் பிடித்தார். முதல் 300 பேரில் ஆண்கள் மூவரே. அப்பெண்கள் எவரிடமும் கணிப்பொறி இருக்கவில்லை. காகிதத்தில் பென்சிலால் செயல்முறைப் படம் வரைந்து, அதன்பின் நிரலை வரிவரியாக எழுதித் தபாலில் அனுப்புவர். கணிப்பொறி நிலையத்தில் அது அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிடப்படும். பிழை உண்டா என்று அறிய மறுபடியும் துளையிட்டுச் சரிபார்க்கப்படும். அதற்குப் பிறகுதான் கணிப்பொறிக்குள் செல்லும். வேலை கேட்டு வருபவரிடம் அம்மையார் தவறாது கேட்ட கேள்வி, "வீட்டில் தொலைபேசி வசதி உண்டா?" என்பதே. ஒலியைவிட விரைந்து பறந்த கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் இப்பெண்கள் தத்தம் வீடுகளில் இருந்து எழுதியதே.

இதனை அவர்கள் எவ்வாறு சாதித்தனர்? இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. மணிக்கணக்கில் கூலி கேட்டிருந்தால், "நீங்கள் பாதி நேர ஊழியர்தானே!" என்ற ஏளனம் எழுந்திருக்கும். எனவே முழு வேலைக்கும் இவ்வளவு என்று விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டனர். காலையில் எழுதினாலும், குழந்தை உறங்கிய பின் இரவில் எழுதினாலும் அது வாங்குபவரின் கவலையன்று. சொன்ன நாளில் சரியான நிரல் கைக்கு வர வேண்டும், அவ்வளவே. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பத்து நாள் வேலை என்று கணித்தது இருபது நாள் இழுத்தால், அந்தப் பத்து நாள் நட்டம் எழுதியவருக்கே. ஆகவே வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடவும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் புரிந்து தொடரவும் கண்டிப்பான எழுத்து விதிகளை வகுத்துக்கொண்டனர். எந்த நேரத்திலும் வேலை செய்யும் சுதந்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தது கட்டுப்பாடு!

அம்மையாரின் சொந்த வாழ்வும் பூஞ்சோலையாய் இருக்கவில்லை. 1963-இல் பிறந்த ஒரே மகன் ஜைல்ஸ் ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கு ஆளானான். அவனைப் பேணுவதும் நிறுவனத்தை நடத்துவதும் ஒருசேரத் தலைமேல் விழுந்தன. 1998-இல், 35 வயதில், அவன் இறந்தான். தாம் ஈட்டிய பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதியை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பள்ளிக்கும் ஆராய்ச்சிக்கும் அவர் அளித்துவிட்டார். அதற்கு முன்பே நிறுவனத்தின் கால் பங்கை ஊழியருக்கே உரிமையாக்கியிருந்தார். அவர்களுள் 70 பேர் பத்து லட்சம் பவுனுக்கு மேல் உடையவர்களாயினர். 1975-இல் பிரிட்டனில் ஆண்-பெண் சமவாய்ப்புச் சட்டம் வந்தபோது, பெண்களுக்கு முன்னுரிமை தந்த இந்நிறுவனமும் ஆண்களுக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று என்பது வேடிக்கையான உண்மை. 2025 ஆகஸ்டில் அம்மையார் காலமானார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று கணிப்பொறி வீட்டிலேயே இருக்கிறது. தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வருவாய்க் கணக்கு மட்டும் மாறவில்லை. மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று ஒருத்தி எண்ணுவதாகக் கொள்வோம். மாதத்துக்கு 22 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 176 மணி. வகுத்துப் பார்த்து, "மணிக்கு 170 ரூபாய் போதும்" என்று அவள் விலை சொல்லிவிடுகிறாள். இது பெரும் பிழை.

ஏன்? எட்டு மணியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடிதம் எழுதுவதிலும், புது வேலை தேடுவதிலும், புதியன கற்பதிலும் போய்விடும். அதற்குக் கூலி கிடையாது. கூலி ஐந்து மணிக்கே. ஆண்டில் ஒரு மாதம் நோய்க்கும் விடுப்புக்கும் போகும். இரண்டு மாதம் வேலையே வராமலும் இருக்கலாம். எஞ்சுவது ஒன்பது மாதம். 9 மாதம், 22 நாள், 5 மணி எனப் பெருக்கினால் ஆண்டுக்கு 990 மணியே தேறும். செலவோ, ஆண்டு வருவாய் 3,60,000 ரூபாயுடன், கணிப்பொறித் தேய்மானம், மின்சாரம், இணையம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு மாதம் 5,000 வீதம் 60,000 ரூபாய் சேர்ந்து 4,20,000 ஆகிறது. வகுத்தால் மணிக்குச் சுமார் 425 ரூபாய்! 170 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவளுக்கு, செலவு போக, மாதம் சுமார் 9,000 ரூபாய்தான் மிஞ்சும். குறையை ஈடுகட்ட இரவும் பகலும் உழைப்பாள். சுதந்திரத்தை நாடி வந்தவள் சங்கிலியைத் தானே பூட்டிக்கொள்வாள்.

சம்பளக்காரருக்கு உள்ள பாதுகாப்புகளும் இத்தொழிலில் தாமாக வருவதில்லை. நிறுவனத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு முதல் இரு குழந்தைகளுக்கும் சம்பளத்துடன் 26 வாரம் பேறுகால விடுப்பு உண்டு. தனித்து உழைப்பவளுக்கு அதைத் தருவார் இல்லை. வருங்கால வைப்புநிதியையும் தானேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியே வைப்பது முதற்கடமை. எறும்பு கோடையிலேயே சேர்க்கிறது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதும் ஆபத்து. அவர் கைவிட்டால் அன்றே அடுப்பு அணையும். என்ன வேலை, எந்த நாளில், என்ன விலை என்பதை எழுத்தில் பெற்று, ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொள்வது நலம். "தெரிந்தவர்தானே" என்று தயங்கினால் உறவும் கெடும், பணமும் போகும்.

இன்று செயற்கை நுண்ணறிவு நிரலின் பல வரிகளைத் தானே எழுதித் தருகிறது. இதனால் இத்தொழில் அழிந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். வரிகளை எண்ணிக் கூலி வாங்குபவருக்கு அச்சம் நியாயமே. ஆனால் வந்தவரின் தேவை இன்னதென்று கேட்டறிவதும், முடிந்ததைச் சோதித்துப் பொறுப்பேற்பதும், சொன்ன சொல் தவறாமையும் மனிதருக்கே உரியவை. ஆகவே அவற்றில் தேர்ச்சி பெறுவதே இன்று நமக்குக் காப்பு.

சுதந்திரத்தின் பக்கத்தையும் மறக்கலாகாது. அலுவலகத்தில் மாலை மணி அடித்தால் வேலை முடியும். வீட்டில் மணி அடிப்பவர் யார்? நாமேதான் அடித்தாக வேண்டும். வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எழுதி வைக்கப்பட வேண்டும். ஞாயிறு இறைவனுக்கும் குடும்பத்துக்கும் உரியது என்றால், வரும் வேலை எவ்வளவு கவர்ச்சியாய் இருந்தாலும் "திங்களன்று பார்க்கிறேன்" என்று சொல்லும் உறுதி வேண்டும். மறுக்கத் தெரியாதவளிடம் பணம் இருக்கலாம், சுதந்திரம் இராது. அதுபோல, "நேரம் என் கையில்" என்று நாளைக் கடத்துபவளிடம் ஓய்வு இருக்கும், வருவாய் இராது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "வீட்டில்தானே இருக்கிறாய்!" என்ற ஒரு சொல் எத்தனையோ பெண்களின் உழைப்பை அழித்திருக்கிறது. கடைக்குப் போவதும், விருந்தினரைக் கவனிப்பதும், அடுப்பைப் பார்ப்பதும் அவள் தலையிலேயே விழுந்தால், கை கரண்டியிலும் கண் கணிப்பொறியிலுமாக அவள் எழுதும் நிரல் பிழையாகத்தான் இருக்கும். மகனோ மருமகனோ அலுவலகத்தில் அமர்ந்திருக்கும்போது நாம் அவரை மிளகாய் வாங்கி வர அழைப்பதில்லையே! ஷர்லி அம்மையார் தொலைபேசி உண்டா என்று கேட்டார். நாம் கேட்க வேண்டியது, "அவளுக்குச் சாத்திக்கொள்ள ஓர் அறைக் கதவும், இடையூறில்லாத நான்கு மணி நேரமும் உண்டா?" என்பதே.

மாணவியரே! அம்மையாரிடம் சேர்ந்தவர்கள் அனைவரும் முன்னரே தொழில் கற்றுத் தேர்ந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் கணிதத்தையும் மொழியையும் ஊன்றிப் படிப்போம். பிறகு சில ஆண்டுகள் பிறரிடம் பணிபுரிந்து, குறித்த நாளில் வேலையை முடிக்கும் பழக்கத்தையும் நாணயமானவர் என்ற பெயரையும் ஈட்டுவோம். அதன்பின் தனித்து நிற்க விரும்பினால், கையில் கணக்கேடும் வங்கியில் சேமிப்பும் நெஞ்சில் உறுதியும் துணையாக அஞ்சாமல் நிற்கலாம். இறைவன் நமக்களித்த தாலந்தை மண்ணில் புதைக்கவும் வேண்டாம். அதை அடிமாட்டு விலைக்கு விற்கவும் வேண்டாம்.