ஹாஜி காசமின் விஜ்ளி

கப்பலுக்குச் சொந்தக்காரர் ஒரு பெயர் வைப்பார். அதில் ஏறிப் போகும் ஜனங்கள் வேறொரு பெயர் வைப்பார்கள். பம்பாய் ஷெப்பர்டு கம்பெனியார் தங்கள் நீராவிக் கப்பல் ஒன்றுக்கு 'வைதர்ணா' என்று, பம்பாய்க்கு வடக்கேயுள்ள ஒரு நதியின் பெயரைச் சூட்டினார்கள். கட்ச், காத்தியவார் கரையோர மக்களோ அதை 'விஜ்ளி' என்றே அழைத்தார்கள். விஜ்ளி என்றால் மின்னல். மின்சாரத்துக்கும் அதுவே பெயர். எண்ணெய் விளக்கையே அறிந்திருந்த மக்களுக்கு, மின்சார தீபங்கள் ஒளிர இரவில் கடல்மேல் செல்லும் கப்பல் பெரிய அதிசயமாக இருந்ததில் வியப்பில்லை.

1888-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி நடுப்பகலில் அந்தக் கப்பல் கட்ச் பிரதேசத்து மாண்ட்வி துறைமுகத்தை விட்டு பம்பாய்க்குப் புறப்பட்டது. தீபாவளி கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. துவாரகையில் மேலும் பலர் ஏறவே, பிரயாணிகள் தொகை 700-ஐத் தாண்டிவிட்டது. போர்பந்தரில் கடல் கொந்தளித்தமையால் அங்கே நிற்காமல் அப்பால் சென்றது. மாலையில் மாங்க்ரோல் அருகே அதைக் கண்டார்கள். இரவில் புயல் வந்தது. மறுநாள் முதல் கப்பலைக் காணோம். தேடச் சென்ற கப்பல்களுக்கு ஒரு பலகைகூட அகப்படவில்லை.

பிரயாணிகளில் கல்யாண கோஷ்டிகள் பல இருந்தன. பம்பாய் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதப் புறப்பட்ட மாணவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிவைக்கும் தொழிலில் உள்ள நமக்கு இந்தச் செய்தியைக் கடந்து செல்ல முடியவில்லை. போர்பந்தரிலே பிறந்த காந்தியடிகள் அதே பரீட்சையை முந்திய ஆண்டுதான் எழுதினார். அதற்கு அகமதாபாத், பம்பாய் என்று இரண்டே இடங்கள். காத்தியவார் மாணவர்கள் ஏழ்மையினால் கிட்டவுள்ள அகமதாபாத்தையே நாடினார்கள் என்று சுயசரிதையில் அவர் குறிப்பிடுகிறார். இந்தக் கப்பல் மறைவதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 4-ந் தேதி, அவர் பம்பாயிலிருந்து சீமைக்குக் கப்பலேறியிருந்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் அரபிக் கடலில் புயல் தோன்றுவது புதுமையன்று. கம்பியில்லாத் தந்தி பிறவாத அந்நாளில், துறையை விட்ட கப்பலுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை அனுப்ப வழியில்லை. அதற்காக யாரையும் நோவதற்கில்லை. ஆனால் பிறகு நடந்த விசாரணையில் வேறொன்று வெளிப்பட்டது: கப்பலில் உயிர்காக்கும் படகுகளும் மிதவைச் சட்டைகளும் போதிய அளவில் இல்லை! மின்சார தீபத்துக்குப் பணம் செலவிட்டவர்களுக்கு, படகுக்குச் செலவிட மனம் வரவில்லை போலும்.

1912-ல் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலில் படகு போதவில்லை என்று உலகமே கொதித்தெழுந்தது. 1914-ல் லண்டனில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. அந்தக் கதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதற்கு 24 வருஷங்களுக்கு முன் அதே குறையோடு கடலுக்குச் சென்ற நம் நாட்டு ஜனங்களைப் பற்றி, குஜராத்துக்கு வெளியே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

குஜராத்தியர் மறக்கவில்லை. எரிக்கவோ புதைக்கவோ உடல் கிடைக்காத துக்கம் நாட்டுப் பாட்டாகிவிட்டது. ஜவேர்சந்த் மேகாணி அதை ஏட்டில் பதிவு செய்தார். குணவந்தராய் ஆசாரியா நாவலாக்கினார். பாட்டில் வரும் ஹாஜி காசம் கப்பல் தலைவர் என்பர் சிலர். டிக்கெட் விற்ற ஏஜெண்டு என்பர் வேறு சிலர். பாட்டு இந்த வழக்கில் தலையிடுவதில்லை. கம்பெனியாரை விட்டுவிட்டு, விஜ்ளியை ஹாஜி காசமுக்கே உரியதாக்கி, அவரையே பெயர் சொல்லி அழைத்துப் புலம்புகிறது.