கடல் பண்ணை – 11: எண்ணெய் செய்த வேலை

சென்ற வாரம் நார்வேயின் ஹித்ரா தீவில் நிறுத்தியிருந்தோம். 1970களின் இறுதியில் அந்தத் தீவை ஒட்டிய சால்மன் பண்ணைகளில் குளிர்காலம் வந்தால் மீன்கள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்து மிதந்தன. தீவனத்தில் சத்துக் குறைவா, கிருமியா என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். குளிர்நீரில் வளரும் விப்ரியோ வகைப் பாக்டீரியாதான் காரணம் என்று முடிவாவதற்குள், ‘ஹித்ரா நோய்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பண்ணைக்காரர்கள் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தார்கள். 1987இல் நார்வேயின் மீன் பண்ணைகளுக்குள் போன ஆன்டிபயாடிக் சுமார் 48 டன். விளைந்த மீனில் டன்னுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மருந்து! இந்த வைத்தியத்தில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு. நோய் கண்ட மீன் முதலில் இரை எடுப்பதைத்தான் நிறுத்தும். மருந்தைத் தின்பது இன்னும் பசியோடு இருக்கிற மீன். தின்னாமல் விட்டது கூண்டுக்கு அடியில் கடல்தரைக்குப் போகும்.

மீனுக்குத் தடுப்பு மருந்து என்ற எண்ணம் அப்போது புதிதல்ல. 1942இலேயே கனடாவில் டஃப் என்ற ஆய்வாளர், குளோரோஃபார்மில் கொன்ற பாக்டீரியாவை இரையோடு கொடுத்து டிரௌட் மீன்களைக் காப்பாற்றிக் காட்டியிருந்தார். சல்ஃபா மருந்துகளும் ஆன்டிபயாடிக்கும் வந்ததும் அந்த வழியை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். 1976இல்தான் அமெரிக்காவில் முதல் மீன் தடுப்பு மருந்துக்கு உரிமம் கிடைத்தது.

ஹித்ரா நோய் எளிதில் பணிந்தது. ஃபார்மலினில் கொன்ற கிருமியை நீரில் கலந்து, குஞ்சுகளை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தாலே போதுமான பாதுகாப்பு கிடைத்தது. ஆன்டிபயாடிக் அளவும் இறங்கியது. ஆனால் 1985இல் ஸ்காட்லாந்திலிருந்து இறக்குமதியான குஞ்சுகளோடு இன்னொரு பாக்டீரியா வந்து சேர்ந்திருந்தது. ஏரோமோனாஸ் சால்மோனிசிடா என்று பெயர்; தசைக்குள் கட்டிகளை உண்டாக்கும் ஃபுருங்குலோசிஸ் நோயின் கிருமி. முக்கி எடுப்பது இதனிடம் செல்லுபடியாகவில்லை. நீரில் கலந்து ஊசியாகப் போட்டாலும் பாதுகாப்பு நீடிக்கவில்லை. 1990இல் ஆன்டிபயாடிக் மறுபடி 37 டன்னுக்கு ஏறியது.

கைகொடுத்தது எண்ணெய். கொன்ற கிருமியைக் கனிம எண்ணெயோடு நுண்துளிகளாகக் கலந்து வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். எண்ணெய் அங்கேயே தங்கிக் கிருமியின் புரதங்களைச் சிறுகச் சிறுக வெளியே விட்டது. கூடவே வயிற்றறையில் அழற்சியை உண்டாக்கி எதிர்ப்பு அணுக்களை அங்கே வரவழைத்தது. 1992–93இல் இந்த ஊசி பரவலானது. 1994இல் நார்வேயின் மீன் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் ஒன்றரை டன்னுக்கும் கீழே.

ஊசி போடுவதற்கு முன் குஞ்சுகளைப் பட்டினி போட வேண்டும். பிறகு மயக்க மருந்து கலந்த நீரில் விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றுத் துடுப்புக்குச் சற்று முன்னால் குத்த வேண்டும். இன்று பெரும்பாலும் கேமரா வைத்த இயந்திரம் குத்துகிறது. அன்று வரிசையாக உட்கார்ந்த ஆட்கள் குத்தினார்கள். ஊசி போட்டதும் கடலில் விட முடியாது. மீன் குளிர்ரத்தப் பிராணி. அதன் எதிர்ப்புச் சக்தி நீரின் வெப்பத்தைப் பொறுத்தே வளரும். அதனால் பண்ணையில் நாளை வெப்பத்தால் பெருக்கிக் கணக்கு வைக்கிறார்கள். சுமார் 500 வேண்டும் என்றால், 10 டிகிரி நீரில் 50 நாள், 5 டிகிரியில் 100 நாள்.

எண்ணெய்க்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. வயிற்றுக்குள் குடலும் மற்ற உறுப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கறுப்புத் திட்டுகள் படிந்தன. சில மீன்கள் இரை குறைந்து மெலிந்தன. முதுகெலும்பு கோணியவையும் உண்டு. மீனுக்கு 0.1 மில்லி என்றிருந்த அளவைப் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைத்த பிறகே இது தணிந்தது. மீனைவிடப் பாவம் ஊசி போடுகிறவர்கள். கை தவறி விரலில் குத்திவிட்டால், துளி எண்ணெய் போதும். வீங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, விரலையே இழக்க நேரலாம். உடனே மருத்துவரிடம் ஓடச்சொல்லும் எச்சரிக்கை இன்றும் மருந்தின் தாளில் இருக்கிறது.

முழுப் புகழையும் ஊசிக்கே கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பண்ணைகளுக்கிடையே இடைவெளி விட்டது, ஒரே இடத்தில் வெவ்வேறு வயது மீன்களைக் கலக்காதது, அறுவடைக்குப் பின் கூண்டுகளைக் காலியாக வைத்திருந்தது ஆகியவையும் இதில் சேரும். ஆனால் ஊசி இல்லாமல் அவை மட்டும் ஃபுருங்குலோசிஸை அடக்கியிருக்காது.

அதே சால்மன், அதே எண்ணெய், சிலி நாட்டில் ஏன் தோற்றன? அங்கே 1989இல் தெரியவந்த பிஸ்கிரிக்கெட்ஸியா, மீனின் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து பெருகும் பாக்டீரியா. செத்த கிருமியைக் கொண்டு செய்யும் ஊசி பெரும்பாலும் தூண்டுவது ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடிகளை. உயிரணுவுக்குள் ஒளிந்திருப்பதை அவற்றால் எட்ட முடியாது. ஊசிகள் பல சந்தைக்கு வந்தபின்னும் சிலி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் ஆன்டிபயாடிக்கைப் பண்ணைகளில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

நார்வேயின் 1994 கணக்கைக் காட்டி, தடுப்பூசி வந்தால் ஆன்டிபயாடிக் தானாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால், எந்தக் கிருமிக்கு என்று கேளுங்கள். சிலியின் கதை அடுத்த வாரம்.