எம்.எஸ்சி நர்சிங் படித்தால் வார்டை விட்டுப் போகணுமா?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தி மகள் கேட்டாள். "அண்ணா, எம்.எஸ்சி பண்ணலாமான்னு யோசிக்கிறேன். நீங்கதான் எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருப்பீங்களே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அவள் பி.எஸ்சி நர்சிங் முடித்தவள். ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருஷமா ஐ.சி.யூ.வில் வேலை. வயசு முப்பத்தொன்று, பையன் யூ.கே.ஜி. நான் எழுதுவது சாஃப்ட்வேர், படித்தது பி.இ. நர்சிங் பற்றி எனக்குத் தெரிந்தது, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளில் பார்த்தது மட்டும்தான். ஆனாலும் சரின்னு சொல்லிட்டேன். அதற்கப்புறம் நாலு மாசம் ராத்திரியில் படித்ததன் சுருக்கம்தான் இது. அவளுக்காகத் தேடியது, அதே கேள்வியோடு இருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும்.

முதலில் படிப்பு என்னன்னு பார்ப்போம். எம்.எஸ்சி நர்சிங் இரண்டு வருஷம், முழுநேரம். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பி.எஸ்சி நர்சிங்கிலோ, டிப்ளமோ முடித்துப் பிறகு படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யிலோ 55 சதவீத மதிப்பெண், மாநில நர்சிங் கவுன்சில் பதிவு, ஒரு வருஷ வேலை அனுபவம். இவ்வளவுதான் தகுதி. ஐந்து பிரிவுகள் உண்டு: மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், சமுதாய நலம். முதல் வருஷம் நர்சிங் கல்வி, மேம்பட்ட நர்சிங் பயிற்சி, ஆராய்ச்சியும் புள்ளியியலும், அதோடு எடுத்த பிரிவின் முதல் பாகம். இரண்டாம் வருஷம் நிர்வாகம், பிரிவின் இரண்டாம் பாகம், ஒரு ஆய்வேடு.

இந்தப் பட்டியலை அவளிடம் காட்டியபோது விரல் வைத்தது ஒரே இடத்தில்தான். "நர்சிங் கல்வின்னா, பாடம் எடுக்கறது எப்படின்னா?"

ஆமா, அதேதான். பாடத்திட்டம் தயாரிப்பது, வகுப்பு நடத்துவது, கேள்வித்தாள் அமைப்பது, மாணவர்களை மதிப்பிடுவது. ஐந்து பிரிவில் எதை எடுத்தாலும் இது கட்டாயம். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் பார்க்கும் ஒருத்திக்கு இது எதற்கு என்ற கேள்வியில்தான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. எம்.எஸ்சி முடித்தவர்களில் தெரிந்தவர்கள் இப்போ என்ன பண்றாங்கன்னு அவளிடமே கேட்டேன். ஒருத்தர் தவிர எல்லோரும் நர்சிங் கல்லூரியில் விரிவுரையாளர்கள். அந்த ஒருத்தர் கனடா போய்விட்டார்.

காரணம் எளிது. நர்சிங் கல்லூரி நடத்த வேண்டுமென்றால் ஆசிரியர்களுக்கு எம்.எஸ்சி வேண்டும், அது விதி. ஆகவே கல்லூரிகளுக்கு அந்தப் பட்டம் தேவை. மருத்துவமனைக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ போதும். அவள் வேலை பார்க்கும் இடத்தில் சம்பளப் படிநிலையில் எம்.எஸ்சி.க்கு என்று தனிப்படியே கிடையாது. படித்துவிட்டு அதே ஐ.சி.யூ.வுக்குத் திரும்பினால் அதே சீருடை, அதே ஷிஃப்ட், இரண்டு வருஷச் சம்பளம் நஷ்டம். அதிகம் படித்த நர்ஸ் நோயாளியிடமிருந்து தூரமாகப் போவதற்குத்தான் நம் அமைப்பு பணம் தருகிறது. எங்கள் துறையிலும் நன்றாக கோடு எழுதுபவனை மேனேஜர் ஆக்கி எழுத விடாமல் செய்வார்கள். ஆனால் அதனால் யாரும் சாவதில்லை.

இது ஏன் இப்படி ஆச்சுன்னு பின்னோக்கிப் போனால், 1899க்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜில், நர்சுகளுக்கு மேற்படிப்பு ஒன்று ஆரம்பித்தார்கள். அதன் பெயர் 'ஹாஸ்பிடல் எகனாமிக்ஸ்'. பெயரிலேயே தெரிகிறது, நோக்கம் நல்ல மேற்பார்வையாளர்களையும் பயிற்சிப் பள்ளிக்கு ஆசிரியர்களையும் உருவாக்குவது. அன்றைக்கு அது நியாயமான தேவை. நைட்டிங்கேல் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளியின் வழியில் ஊர் ஊராகப் பயிற்சிப் பள்ளிகள் முளைத்திருந்தன; சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அடிலெய்ட் நட்டிங் 1907இல் அதே கல்லூரியில் பேராசிரியர் ஆனார். உலகத்திலேயே நர்சிங்கில் பேராசிரியரான முதல் நர்ஸ் அவர்தான். மேற்படிப்பு என்றால் ஆசிரியர் ஆவதற்கு, நிர்வாகி ஆவதற்கு என்ற கிளை அங்கே வேர் விட்டது.

இரண்டாவது கிளை வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஹில்டகார்ட் பெப்லவ் என்ற மனநல நர்ஸ் 1954இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், மனநலப் பிரிவில் 'கிளினிக்கல் ஸ்பெஷலிஸ்ட்' நர்சுகளுக்கான முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். படித்துவிட்டு வகுப்பறைக்குப் போக அல்ல, நோயாளியிடமே திரும்பப் போக. 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியை ஆரம்பித்தார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத கிராமப்புறங்களில் குழந்தைகளைப் பரிசோதிக்கவும், சாதாரண நோய்களுக்கு முடிவெடுக்கவும் நர்சுகளைத் தயார் செய்வது திட்டம். டாக்டர்கள் தரப்பிலிருந்து மட்டுமல்ல, நர்சிங் பேராசிரியர்கள் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. 'இது மருத்துவம், நர்சிங் இல்லை' என்றார்கள். இன்றைக்கு அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் தானே நோயாளியைப் பார்த்து, தானே மருந்து எழுதலாம்.

நம் ஊருக்கு வந்தது முதல் கிளை. 1946இல் போர் கமிட்டி அறிக்கை வந்தபோது நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற நிலைமை. அதே வருஷம்தான் டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் பி.எஸ்சி நர்சிங் ஆரம்பமானது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909லேயே நர்சிங் பள்ளி தொடங்கிவிட்டதால் அஸ்திவாரம் தயாராக இருந்தது. டெல்லிக் கல்லூரி, இப்போ ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் இருப்பது, 1959இல் முதுகலைப் படிப்பையும் ஆரம்பித்தது. புதுசு புதுசா நர்சிங் பள்ளிகள் திறக்க வேண்டிய நாட்டில், ஆசிரியர்களை உருவாக்கும் முதுகலைதான் முதலில் வேண்டும். அன்றைக்கு சரியான முடிவு. அறுபது வருஷம் கழித்தும் எம்.எஸ்சி.யின் முகம் வகுப்பறைப் பக்கமே திரும்பியிருப்பதுதான் பிரச்சினை.

இங்கே ஒரு கிளைக்கதை. எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எம்.எஸ்சி நர்சிங் ஆய்வேடுகள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் படித்தேன். முதல் பத்தைத் தாண்டியதும் தலைப்பைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. 'இன்ன ஊரில் இன்னாருக்கு இன்ன நோய் பற்றிய அறிவில், திட்டமிட்ட கற்பித்தலின் பலனை மதிப்பிடும் ஆய்வு.' முதலில் கேள்வித்தாள் கொடுப்பார்கள். பிறகு பாடம் நடத்துவார்கள். ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாள். மார்க் கூடியிருக்கும். டி-டெஸ்ட் போட்டால் p மதிப்பு 0.05க்குக் கீழே. பாடம் நடத்தினால் மார்க் ஏறும் என்பது நிரூபணம் ஆகிவிடும்!

கிண்டல் பண்ணிவிட்டுப் போவது சுலபம். ஆனால் காரணத்தைப் பார்க்கணும். மாணவிக்கு தகவல் திரட்டக் கிடைப்பது நாலிலிருந்து ஆறு வாரம். பணம் கிடையாது. மருத்துவமனையில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, ராத்திரி ஷிஃப்டில் என்ன தவறு நடந்தது என்றெல்லாம் கேட்டால் அனுமதியே கிடைக்காது. 'நீரிழிவு பற்றிய அறிவு' என்று கேட்டால் உடனே கையெழுத்து விழும். அதனால் கேள்வி தானாகவே பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அத்தனைக்கும் நடுவில் ஓரிரண்டு நல்ல ஆய்வேடுகளும் கிடைத்தன. அவை எல்லாமே எதையாவது நேரில் அளந்தவை: வலி, தூக்கம், புண் ஆறிய நாட்கள்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு லிண்டா ஏக்கன் உதாரணம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருப்பவர், நர்சாக ஆரம்பித்து சமூகவியல் படித்தவர். 2014இல் அவருடைய குழு லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், சாதாரண அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 4,22,730 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒரு நர்சுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால் 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. மருத்துவமனை நர்சுகளில் பட்டம் பெற்றவர்கள் 10 சதவீதம் கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. அதாவது நர்ஸ் என்ன படித்திருக்கிறார் என்பதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்தே நகர்கின்றன.

ஜாக்கிரதையாகச் சொல்லணும். இது பி.எஸ்சி பற்றிய ஆய்வு, எம்.எஸ்சி பற்றி அல்ல. கவனித்துப் பார்த்த ஆய்வு, சோதனை அல்ல. பட்டதாரி நர்சுகளை அதிகம் வைத்திருக்கும் மருத்துவமனை வேறு பல விஷயத்திலும் நன்றாக இருக்கலாம். இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அவர்கள் கணித்தார்கள் என்றாலும் சந்தேகம் முழுசாப் போய்விடாது. எண்ணிக்கை பற்றிய பாதியை மட்டும் சித்தி மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவே இல்லை. "வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர்னு படிச்சோம். நைட்ல நான் மூணு பேரைப் பார்க்கறேண்ணா."

அதற்கப்புறம்தான் இந்தியாவிலேயே இரண்டாவது கிளை ஒன்று துளிர்த்திருப்பதைக் கண்டேன். இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்'. இதுவும் முதுகலைதான், இரண்டு வருஷம். ஆனால் 20 சதவீதம் மட்டுமே வகுப்பறை, 80 சதவீதம் ஐ.சி.யூ. டாக்டர்களின் ரெசிடென்சி மாதிரி. பி.எஸ்சி.யும் ஒரு வருஷ அனுபவமும் போதும், அது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் நல்லது. ஏற்கனவே அங்கே வேலையில் இருந்தபடி சேர்பவருக்குச் சம்பளம் தொடரணும், மற்றவர்களுக்கும் படிப்பு நடத்தும் மருத்துவமனை உதவித்தொகை தரணும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. இவளுக்காகவே எழுதினது மாதிரி இருந்தது எனக்கு.

ஓட்டை எங்கே என்றால், முடித்தபிறகு. இந்தப் படிப்பை முடித்தவர் அமெரிக்காவில் போல தானாக மருந்து எழுத முடியாது. அந்தந்த மருத்துவமனை முன்கூட்டியே வகுத்து வைத்த நெறிமுறைக்குள்தான் செயல்படலாம். நெறிமுறை எழுதி வைக்காத மருத்துவமனையில் அவர் வெறும் ஸ்டாஃப் நர்ஸ்தான். படிப்பு இருக்கிறது, பதவி இருக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும். 1947ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அது இந்த ஓட்டையை அடைத்தால் நல்லது.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்காவில் நர்சாகப் பதிவு செய்ய என்கிளெக்ஸ் தேர்வு, பிரிட்டனுக்கு அவர்களுடைய கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும், இரண்டுக்கும் ஆங்கிலத் தகுதி. எதற்கும் எம்.எஸ்சி தேவையில்லை. போவதற்காக மட்டும் என்றால் அந்த இரண்டு வருஷத்தை இந்தத் தேர்வுகளுக்குச் செலவிடலாம்.

இத்தனையையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு அவளுக்கு அனுப்பினேன். என் கணக்கில் ஆசிரியர் வழிதான் முன்னால் வந்தது. பகல் வேலை, ஞாயிறு லீவு, பையன் வளரும் வயசு, நைட் ட்யூட்டி கிடையாது. சித்தியும் அதைத்தான் சொன்னாள். மாப்பிள்ளை எதுவும் சொல்லவில்லை.

அவள் ஷீட்டில் ஒரு வரிசை சேர்த்துத் திருப்பி அனுப்பினாள். அதில் 'மறுபடி ஐ.சி.யூ. வரலாமா' என்று இருந்தது. ஆசிரியர் வழிக்கு எதிரே 'இல்லை' என்று அவளே நிரப்பியிருந்தாள். பிராக்டிஷனர் படிப்புக்கு எதிரே கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை எடுக்கத்தான் இப்போ ஒவ்வொரு கல்லூரியாக போன் பண்ணிக்கொண்டிருக்கிறாள். கேட்பது ஒரே கேள்வி: உங்களிடம் முடித்தவர்கள் இப்போது எந்தப் பதவிப் பெயரில், எங்கே வேலை பார்க்கிறார்கள்? இரண்டு இடத்தில் பதில் சொல்லாமல் கட்டண விவரம் அனுப்பினார்கள். ஒரு இடத்தில் முடித்தவர் ஒருவரின் நம்பரையே கொடுத்தார்கள். அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினாளாம்.

விண்ணப்பத்துக்கு அனுபவச் சான்றிதழ் வேணும். போன வாரம் அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறாள். எதுக்குன்னு கேட்டார்களாம். படிக்கன்னு சொன்னாளாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.